தையல்நாயகி காவலுக்குப் போகாத நாள்

குடும்ப ஆலோசனைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மருந்து மாத்திரை, தூக்கம், நடுக்கம் இதையெல்லாம் டாக்டர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேள்விதான். குடிக்கிறவரை வார்டில் சேர்க்க வருகிற மனைவியிடம், அல்லது அம்மாவிடம், "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். "நேத்திலேருந்து சாப்பிடலைங்க, கை நடுங்குது, படுத்தா தூக்கமில்லை" என்று பதில் வரும். பாவம், இந்த அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று நீங்கள் பதறுவீர்கள். விசாரித்தால் அத்தனையும் அவருக்கு. கேட்டது இவளை, பதில் வந்தது அவரைப் பற்றி.

இதற்குப் படிப்பில் கோ-டிபெண்டன்சி (codependency) என்று ஒரு பெரிய பெயர் இருக்கிறது. பரீட்சைக்கு அதை எழுதுங்கள். வீட்டுக்காரர்களிடம் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். புருஷனுக்கு ஒரு வியாதி, இப்போது எனக்கும் ஒன்றா என்று அழுதுவிடுவார்கள். நான் அதைத் தெரிந்துகொண்டது புத்தகத்தில் இல்லை. வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த தையல்நாயகியிடம்தான் தெரிந்துகொண்டேன். ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒரு தடவை இங்கே வந்து உங்களைப் போன்றவர்கள் கழுத்தை அறுக்கிறேனே, அதற்கு அவளும் ஒரு காரணம்.

அவள் வீட்டுக்காரர் கலியமூர்த்தி. சொந்தமாகக் கொஞ்சம் நிலம், கொஞ்சம் குத்தகை. நல்ல உழைப்பாளி, நல்ல குடிகாரர், இரண்டும் ஒரே உடம்பில். எங்கள் வார்டில் இருந்து குணமாகிச் சித்திரையில் வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. சனிக்கிழமைதோறும் நடக்கும் குடும்பக் கூட்டத்துக்கு இரண்டு பேரும் பஸ் ஏறித் தஞ்சாவூருக்கு ஒழுங்காக வந்துவிடுவார்கள். நான் அங்கே கரும்பலகையில் எதையாவது எழுதிக்கொண்டே பேசுவதால் எல்லோருக்கும் நான் டீச்சர். ஒரு பள்ளிக்கூடத்திலும் ஒரு நாளும் நான் பாடம் நடத்தியதில்லை.

ஒரு சனிக்கிழமை கலியமூர்த்தி எழுந்து நின்று, தான் வீட்டுக்குள் நுழையும்போது நடப்பதைச் சொன்னார். வாசலில் தையல்நாயகி நிற்பாள். இவர் குனிந்து அவள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊத வேண்டும். வாசனை இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே போக வழி. வயலுக்குப் போய் வந்தாலும் ஊத வேண்டும், சலூனுக்குப் போய் வந்தாலும் ஊத வேண்டும். "போலீஸ்காரன்கூட வண்டியில போறப்பத்தான் டீச்சர் ஊதச் சொல்லுவான்" என்றார். கூட்டத்தில் ஆண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தையல்நாயகி சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவளைக் குற்றம் சொல்ல முடியாது, தான் செய்து வைத்திருக்கிற வேலை அப்படி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அன்றைக்கே அவளிடம், உனக்கு எது பிடிக்கும், எது செய்தால் நல்லா இருக்கும் என்று கேட்டேன். பூவா, சினிமாவா, தங்கச்சி வீட்டுக்குப் போறதா, எதுவானாலும் சொல்லு என்றேன். ரொம்ப நேரம் யோசித்தாள். யோசித்துவிட்டு, "அவரு தூங்கிட்டா எனக்கு நல்லாருக்கும் டீச்சர்" என்றாள். கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதாத எதையோ அழித்துக்கொண்டு நின்றேன்.

இன்னொரு விஷயமும் அன்றைக்கு என் கண்ணில் பட்டது. மாடி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். ரத்தமே இல்லாமல் காகிதம் மாதிரி இருந்தது. மாதாமாதம் ரத்தம் இப்படி எவ்வளவு நாளாகப் போகிறது என்று கேட்டால், அதையெல்லாம் யார் பார்த்தார்கள் என்கிறாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெண்கள் பிரிவுக்குப் போனேன். கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட வேண்டும், இப்படியே விட்டால் ஒரு நாள் நடந்துபோகும்போதே விழுந்துவிடுவாள் என்று லேடி டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

தேதி கொடுத்தார்கள், வரவில்லை. அவருக்குக் காய்ச்சல் என்றாள். வேறு தேதி கொடுத்தார்கள், அதற்கும் வரவில்லை. அவருடைய சித்தப்பா மகன் கல்யாணமாம், அங்கே பாட்டில் புழங்குமாம், கூடவே போய் நிற்க வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கல்யாணத்தில் அவருக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய்கூட எடுத்துக் கொடுத்தாயா என்று கேட்டேன். வாய் நீளமானவள் நான், அது இத்தனை நேரத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அடுத்த தேதி ஐப்பசியில் விழுந்தது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. குறுவை அறுத்த கையோடு மழையும் வந்து நிற்கிற மாதம். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்த் திறந்த வெளியில் குவித்துப் போட்டுவிட்டு, எடை போடும் முறை வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். வெயில் அடித்தால் கிண்டிக் காய வைக்க வேண்டும். மேகம் கறுத்தால் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்த நெல்லை எடுக்க மாட்டார்கள். அதனால் குவியலுக்குப் பக்கத்திலேயே சோறு, அங்கேயே படுக்கை. அந்தக் காவல் ஆம்பளைகளின் வேலை. கலியமூர்த்தி வீட்டில் மட்டும் அது தையல்நாயகியின் வேலை. ஒரு வருஷம் அவர் குடித்துவிட்டுக் குவியலின் மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். பெய்த மழை அவருக்குத் தெரியவில்லை. நெல்லெல்லாம் முளைத்துப்போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு போகத்துக்கும் இவள்தான் போய் உட்காருகிறாள். ஆம்பளைகளுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக, கையில் ஒரு கம்போடு. மேகத்தைப் பார்த்து எப்போது கொட்டும் என்று சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்.

இந்தத் தடவை நெல் குவியலாகிவிட்டது, ஆஸ்பத்திரித் தேதியும் வந்துவிட்டது. நான் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினேன். நீ ஆஸ்பத்திரிக்கு, அவர் குவியலுக்கு, அவ்வளவுதான் என்றேன். கலியமூர்த்தி உடனே சரி என்றார். கொள்முதல் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் ஒயின்ஷாப் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் சலீம் பாயிடம், அவர் குவியல்கிட்ட இருக்காரா என்று பார்த்துப் பார்த்துப் போன் பண்ணச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் இந்தத் தையல்நாயகி அம்மா வந்து அட்மிட் ஆகியிருக்கிறாள்.

ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் ஆபரேஷன். அன்றைக்கு மத்தியானம் நான் வார்டில் இருப்பவர்களின் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறேன், பெண்கள் வார்டு நர்ஸ் மூச்சு வாங்க ஓடி வந்தார். உங்க ஆளு கிளம்பிட்டாங்க, சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க என்றார். நான் போய்ப் பார்த்தபோது தையல்நாயகி மாடிப்படியில் நிற்கிறாள். கையில் ஊசி குத்தின இடத்தில் பிளாஸ்டர் அப்படியே இருக்கிறது. தலையை அள்ளி முடிந்துவிட்டாள். கூட இருந்த அவள் தங்கச்சி, கீழ்வேளூரில் கட்டிக் கொடுத்தவள், செருப்பை ஒளித்துவைத்துக்கொண்டு அழுகிறாள். ஜன்னல் வழியாகக் கிழக்கே பார்த்தால் வானம் கருகருவென்று இருக்கிறது.

நடந்தது இதுதான். சலீம் பாய் போன் பண்ணி, கலியமூர்த்தி தார்ப்பாயைப் போட்டுவிட்டு எங்கேயோ போனார், ரொம்ப நேரமாகக் காணவில்லை என்று சொல்லியிருக்கிறார். இவள் அவருக்குப் போட்டால் சுவிட்ச் ஆஃப். மறுபடி மறுபடி போட்டாலும் சுவிட்ச் ஆஃப்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? தங்கச்சி எனக்குக் கண்ணைக் காட்டினாள். அவர் குவியல்கிட்டதான் இருக்கார், இப்பத்தான் பேசினேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அர்த்தம். ஒரே ஒரு பொய், அவள் திரும்பிப் படுத்துவிடுவாள், காலையில் ஆபரேஷன் முடிந்துவிடும். என் கையில் போன் வேறு இருந்தது. எங்கள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவரின் தம்பி வலங்கைமானில்தான் இருக்கிறான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா என்றால் பறந்து போவான். அவன் நம்பரை எடுத்தும்விட்டேன்.

எடுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் ஒருத்தி அவரை மோப்பம் பிடிக்கிறாள். அவளுக்காக சலீம் பாய் பிடிக்கிறார். இப்போது நானும், என் பங்குக்கு ஒரு தம்பியும். இப்படியே போனால் கலியமூர்த்தியைப் பார்த்துக்கொள்ள ஜில்லா முழுக்க ஆள் இருக்கும், கலியமூர்த்தி மட்டும் இருக்க மாட்டார். பொய் சொல்லவும் மனசு வரவில்லை. இருபது வருஷம் பொய் கேட்டே காது புளித்தவள் அவள். என் வாயிலிருந்தும் ஒன்று கேட்டால் அப்புறம் யாரைத்தான் நம்புவாள்? போனைப் பையில் போட்டுவிட்டு, அவளைப் படியில் உட்கார வைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பயமாகத்தான் இருந்தது. இவள் எழுந்து பஸ் ஏறிவிட்டால் அடுத்த தேதி கிடைக்கும்வரை உயிரோடு இருப்பாளா என்றே எனக்குத் தெரியாது.

அவர் எங்கே என்று எனக்குத் தெரியாது தையலு என்றேன். குடித்திருக்கலாம், குடிக்காமலும் இருக்கலாம் என்றேன். உன்னை யாரும் கட்டிப்போடப் போவதில்லை, போக வேண்டுமானால் போ, செருப்பை நானே வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"குடிச்சிருந்தா?" என்றாள்.

"குடிச்சிருந்தா நாளைக்குக் காலையில உனக்கு ஆபரேஷன். குடிக்கலைன்னாலும் நாளைக்குக் காலையில உனக்கு ஆபரேஷன்."

அவள் என்னை முறைத்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தஞ்சாவூரில் இப்படிக் கொட்டினால் அங்கேயும் கொட்டும் என்று அவளுக்குத் தெரியும். மழையைப் பார்த்துக்கொண்டே தனக்குத்தானே பேச ஆரம்பித்தாள். காற்று வடக்கேயிருந்துதான் வரும், அந்தப் பக்கத்து ஓரத்தில் கல் வைக்க வேண்டும், அது அவருக்குத் தெரியாது, அவர் தெற்குப் பக்கத்தைத்தான் பார்ப்பார் என்றாள். தெரியலைன்னா நனையட்டும் என்று நான் சொல்லிவிட்டேன்.

"நெல்லுங்க டீச்சர்" என்றாள்.

சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. மாதச் சம்பளத்தில் இருக்கிறவள் சொல்லக்கூடிய வார்த்தையா அது? நாற்று விட்டதிலிருந்து அந்த நெல்லோடு கிடந்தவள் அவள். தப்புதாண்டி என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி குத்தாத கையை. சில்லென்று இருந்தது. இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கச்சி செருப்பை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நின்றாள்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. தையல்நாயகி போனை எடுத்தாள். இப்போது மறுபடி அவருக்குத்தான் போடுவாள் என்று நினைத்தேன். போட்டது சலீம் பாய்க்கு. "பாய், இனிமே எனக்குப் போன் பண்ண வேணாம். அவரு வந்தார்னா ஒரு டீ குடுங்க, நனைஞ்சிருப்பாரு" என்றாள். வைத்துவிட்டாள். போனைத் தங்கச்சியிடம் கொடுத்து, நாளைக்குச் சாயங்காலம் வரை தன் கையில் தர வேண்டாம் என்றாள். எழுந்து, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறிக் கட்டிலுக்குப் போனாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நர்ஸ் இருந்ததால் விட்டேன்.

வரிசை தள்ளிப்போய் மத்தியானம்தான் உள்ளே எடுத்தார்கள், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தியேட்டருக்குள் போகும்வரை அவரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் நிலை கொள்ளாமல் இருந்தேன். காலையில் கோயிலுக்குப் போய் மாதாவிடம், அந்த ஆளு குடிச்சிருக்கக் கூடாது என்று சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். உங்களுக்கு உபதேசம் செய்கிற லட்சணம் இதுதான்.

சாயங்காலம் பார்வை நேரத்துக்கு மணி அடிக்கும் முன்பே கலியமூர்த்தி வராந்தாவில் நின்றார். முட்டிவரை சேறு, சட்டையெல்லாம் வைக்கோல் தூசு, கண் சிவந்திருந்தது. குவியலைப் பக்கத்துக் குவியல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன் என்றார். பேசுகிற சாக்கில் நான் ஒரு அடி முன்னால் போனேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். டீச்சர், நீங்களுமா என்று சிரித்தார். வெட்கமாகப் போய்விட்டது. வாடை ஒன்றும் இல்லை, சேற்று வாடையைத் தவிர.

முந்தின நாள் நடந்ததை அவரே சொன்னார். காலையிலிருந்து இவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதில் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மேகத்தைப் பார்த்ததும் ஒரு தார்ப்பாய் போதாது என்று தோன்றி, வாடகைக்கு இன்னொன்று எடுக்கப் போயிருக்கிறார். எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற வழியில்தான் ஒயின்ஷாப்.

"வாசல்ல நின்னேன் டீச்சர். பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப நேரம் நின்னேன்."

அப்புறம் என்றேன்.

"தூத்தல் விழுந்துச்சு. அவ அங்க இல்லையேன்னு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. இருந்திருந்தா அவ பாத்துக்குவான்னு உள்ள போயிருப்பேன். யாருமே இல்லை, நெல்லு நனைஞ்சா நான்தானே. ஓடினேன்."

நான் உங்களுக்கு வருஷக் கணக்கில் வகுப்பு எடுத்தாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அவளுடைய அத்தனை வருஷக் காவலும் அன்பில்தான் செய்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அன்பு அவர் செய்ய வேண்டிய வேலையைத் தான் செய்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான். அவள் போகாத அன்றைக்கு அவருக்குக் கால் முளைத்தது. எல்லாக் கலியமூர்த்தியும் ஓடுவார் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடாமல் உள்ளே போனவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் உள்ளே போயிருந்தாலும் நான் அந்தப் படியில் சொன்னதுதான் சரி. அன்றைக்குப் பிழைக்க வேண்டியது தையல்நாயகி.

நெல் முழுதும் தப்பவில்லை. வடக்குப் பக்கத்தில் தண்ணீர் இறங்கி ஓரமெல்லாம் முளை கட்டிவிட்டது. அவள் சொன்ன மாதிரியே அந்தப் பக்கம் கல் வைக்க மறந்துவிட்டார். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவருக்குப் பயம். வாங்க, ஒரே ஒரு நிமிஷம் என்று கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

தையல்நாயகிக்கு அப்போதுதான் மயக்கம் தெளிந்து உடம்பு உதறிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் முடிந்தால் அப்படித்தான் குளிரும். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். சேற்றையும் பார்த்தாள். கலியமூர்த்தி கட்டிலுக்குப் பக்கத்தில் போனவர், பழக்க தோஷம், குனிந்து அவள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்தார்.

அவள் ஊசி குத்தின கையைத் தூக்கி அவர் வாயை மெதுவாக மூடினாள்.

"ஊத வேணாம். எனக்குக் குளிருது. போர்வையை இழுத்து விடுங்க."

அத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று அவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு தங்கச்சி சொன்னாள். கலியமூர்த்தி போர்வையை எடுத்துக் கழுத்துவரை இழுத்தார். கால் பக்கம் சுருட்டி மெத்தைக்கு அடியில் செருகினார், பக்கவாட்டிலும் செருகினார், சுற்றி வந்து அடுத்த பக்கமும் செருகினார். ஜன்னல் பக்கத்து ஓரம் மட்டும் நிற்காமல் காற்றில் தூக்கிக்கொண்டே இருந்தது. சுற்றுமுற்றும் எதையோ தேடினார். அலமாரி மேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்த ஓரத்தில் பாரமாக வைத்தார். கையை எடுத்துப் பார்த்தார். நின்றது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் உதட்டில் விரலை வைத்து, அவள் தூங்கிவிட்டாள் என்று ஜாடை காட்டினார்.